வளவுக்குள் ஒரு பள்ளி: தோப்பூரும் வீட்டுக் கல்வியும்

வீட்டுக் கல்வி என்ற சொற்றொடர் இன்று பெரும்பாலும் ஒரு தெரிவைக் குறிக்கவே வழங்குகிறது. வசதியும் படிப்பும் உள்ள பெற்றோர் தம் பிள்ளையைப் பாடசாலையிலிருந்து விலக்கிக்கொண்டு, பாடத்திட்டத்தையும் நேரசூசியையும் தாமே வகுத்து, வீட்டிலேயே கற்பிப்பதை அது சுட்டுகிறது. அமெரிக்காவில் ஜோன் ஹோல்ட் 1977இல் தொடங்கிய இதழும், 1981இல் அவர் வெளியிட்ட நூலும் அந்தத் தெரிவுக்கு ஓர் இயக்கத்தின் உருவைக் கொடுத்தன. ஆனால் உலகின் பல ஊர்களில், பாடசாலை மூடப்பட்ட நாட்களில் வேறு வழி இல்லாததாலும், பாடசாலை கற்பிக்காத சிலவற்றை யாராவது கற்பித்தாக வேண்டியிருந்ததாலுமே வீடு கற்பித்து வந்திருக்கிறது. திருகோணமலை மாவட்டத்தில் மூதூருக்குத் தென்கிழக்கே அமைந்த தோப்பூர் அத்தகைய ஊர்களில் ஒன்று. அங்கிருந்துகொண்டு வீட்டுக் கல்வியைப் பற்றி எண்ணத் தொடங்குபவர், வீட்டையும் பாடசாலையையும் எதிரெதிரே நிறுத்தும் வழக்கமான வாதத்தை ஒதுக்கிவிட்டு, ஒரே வளவில் வளரும் வெவ்வேறு இயல்புள்ள பிள்ளைகளை வீடு எவ்வாறு அறிந்துகொள்கிறது, அவ்வாறு அறிந்தது பாடசாலை வகுப்பறைக்குள் ஏன் போய்ச் சேருவதில்லை என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியவராகிறார்.

தோப்பூர் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். சுற்றிலும் தமிழ்க் கிராமங்களும், சேருவில பக்கமாகச் சிங்களக் குடியேற்றங்களும் உள்ளன. மகாவலியின் கிளையான வெருகல் ஆற்றிலிருந்து மாவிலாறு வழியாகத் திருப்பப்படும் நீர் மூதூர், சேருவில, ஈச்சிலம்பற்றுப் பகுதிகளின் வயல்களுக்குப் பாய்கிறது. வடகீழ்ப் பருவமழை கடுக்கும்போது அதே ஆறு கரைகடந்து பாதைகளையும் பாடசாலைகளையும் மூடுகிறது. 2009இல் கிண்ணியாப் பாலமும் 2011இல் உப்பாறு, கங்கை, இறால்குழிப் பாலங்களும் திறக்கப்படும்வரை, திருகோணமலை நகருக்கான பயணம் பெரும்பாலும் கடல்வழி இயந்திரப் படகையோ ஆற்றுத் துறைகளில் 'பாதை' எனப்படும் மிதவைகளையோ நம்பியிருந்தது. 2004 டிசம்பர் 26இன் கடற்கோள் மூதூர், கிண்ணியாக் கரைகளைத் தாக்கியது. 2006 யூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதைத் தொடர்ந்து மூண்ட போரில், ஆகஸ்ட் மாதத்தில் மூதூர், தோப்பூர் மக்கள் வீடுகளை விட்டுக் கந்தளாய்ப் பக்கம் போய்ப் பாடசாலைக் கட்டடங்களில் அடைக்கலம் புகுந்தனர். அதாவது பிள்ளைகள் படிக்கும் இடமே குடும்பங்கள் உறங்கும் இடமாயிற்று. 2020 மார்ச்சில் கொரோனாப் பெருந்தொற்றால் நாடெங்கும் பாடசாலைகள் மூடப்பட்டு, திறப்பதும் மூடுவதுமாக 2021 பிற்பகுதிவரை இழுபட்டன. 2022 நடுப்பகுதியில் எரிபொருள் இல்லாமையால் அவை மீண்டும் மூடப்பட்டன. ஒரு தலைமுறையின் பள்ளிப் பருவத்துக்குள் இத்தனை முறிவுகள் நேர்ந்த ஊரில், வீடு கற்பிக்கலாமா என்ற கேள்வியை நிகழ்ச்சிகளே முடித்துவைத்துவிட்டன.

சட்டம் இதை வேறொரு கோணத்திலிருந்து பார்க்கிறது. இங்கிலாந்தில் 1944ஆம் ஆண்டின் கல்விச் சட்டம், பிள்ளை பாடசாலைக்குப் போவதாலோ வேறு விதத்திலோ அதன் வயதுக்கும் ஆற்றலுக்கும் இயல்பான நாட்டத்துக்கும் ஏற்ற கல்வியைப் பெறச் செய்வது பெற்றோரின் கடமை என்று வகுத்தது. 'வேறு விதத்திலோ' என்ற அந்தச் சிறு இடைவெளியின் வழியேதான் அங்கே வீட்டுக் கல்வி நுழைந்தது. ஜெர்மனி அதற்கு இடமே கொடுக்கவில்லை. பிள்ளைகள் பொதுச் சமூகத்தோடு கலந்து வளர வேண்டும் என்ற அந்நாட்டு நீதிமன்றங்களின் நிலைப்பாட்டை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2006இல் ஏற்றுக்கொண்டது. இலங்கையில் 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1998 முதல் 5 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளின் பாடசாலை வரவு கட்டாயமாக்கப்பட்டு, 2016இல் அந்த எல்லை 16 வயதாக உயர்த்தப்பட்டது. வயலுக்கும் கடலுக்கும் பிள்ளைகளின் உழைப்பைப் பெற்றோர் நாடக்கூடிய வறுமை உள்ள பிரதேசங்களில் இந்தக் கட்டாயம் பிள்ளைக்குப் பாதுகாப்பு. தோப்பூரைப் போன்ற ஊரில் அதைத் தளர்த்தும்படி கேட்பது தவறாகவே முடியும். இங்கே பேசப்படும் வீட்டுக் கல்வி, ஆகையால், பாடசாலை விட்டு வந்த பிறகும் அது மூடிக் கிடக்கும் நாட்களிலும் வளவுக்குள் நடப்பது.

வளவு என்பது கிழக்கிலங்கையில் வெறும் நிலத்துண்டைக் குறிப்பதன்று. கிழக்கின் முஸ்லிம்களிடையே மகளுக்குத் திருமணத்தின்போது வீடு கொடுப்பதும், மருமகன் மனைவியின் வீட்டுக்கு வந்து வாழ்வதும் நெடுங்கால வழக்கம். அதனால் உம்மாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே அவருடைய தங்கையான சாச்சியின் வீடும் பெரியம்மாவின் வீடும், அவற்றுக்கு நடுவில் பாட்டியான மூத்தம்மாவின் பழைய வீடும் அமைந்துவிடுகின்றன. ஒரே முற்றத்தில் நான்கு வயதிலிருந்து பதினான்கு வயதுவரை உள்ள பிள்ளைகள் கூடி வளர்கிறார்கள்; இளையவர்களின் கொப்பியை அக்காவான ராத்தாவோ அண்ணனான காக்காவோ பார்த்துக்கொடுப்பது அங்கே தனியாகத் திட்டமிடப்பட வேண்டிய கற்பித்தல் முறையன்று, அன்றாட நடப்பு. மரியா மொண்டிசோரி இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலில் தங்கி, பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக இருத்தி ஆராய்ந்து வகுத்துக்கொண்ட கருத்துகளில் ஒன்று, பிள்ளை தன்னைவிடச் சற்று மூத்த பிள்ளையிடமிருந்து எளிதாகக் கற்கிறது என்பது. வளவு அதைக் கோட்பாட்டின் துணையின்றியே செய்துவருகிறது.

தோப்பூர்ப் பிள்ளையின் கற்றலைப் பற்றிச் சிந்திப்பவர் முதலில் கவனிக்க வேண்டியது அதன் எழுத்துச் சுமையை. பாடசாலையில் தமிழ் எழுத்து. ஓதப்பள்ளி என்றும் குர்ஆன் மத்ரஸா என்றும் அழைக்கப்படும் இடத்தில் வலமிருந்து இடமாக ஓடும் அறபு எழுத்து. ஆரம்ப வகுப்புகளிலேயே ஆங்கிலம். பெயர்ப்பலகைகளிலும் அரசாங்கக் கடிதங்களிலும் பின்னர் பாடமாகவும் சிங்களம். பத்து வயதுக்குள் நான்கு எழுத்து முறைகளைச் சந்திக்கும் பிள்ளை, ஒவ்வொன்றிலும் வேறுவேறு விதமாகத் தடுமாறுகிறது. தமிழில் 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் உயிர்க்குறியின் பாதி மெய்க்கு முன்னும் பாதி பின்னும் நிற்பது ஒரு பிள்ளையைக் குழப்பும். அறபில் ஒரே எழுத்து சொல்லின் முதலிலும் நடுவிலும் இறுதியிலும் உருமாறுவது இன்னொரு பிள்ளையைக் குழப்பும். தமிழ் வாசிக்க முடியாமல் பின்தங்கியதாகக் கருதப்படும் பிள்ளை ஓதப்பள்ளியில் சூறாக்கள் எனப்படும் குர்ஆன் அத்தியாயங்களில் நீண்டவற்றைத் தவறில்லாமல் ஓதக்கூடும். அங்கே திக்கித் திணறும் பிள்ளை கணக்குக் கொப்பியில் முன்னிற்கக்கூடும். இவ்விரண்டு காட்சிகளையும் ஒருசேரக் காணும் வாய்ப்பு உள்ள இடம் வீடு ஒன்றுதான். பாடசாலை ஆசிரியை ஒன்றை மட்டும் காண்கிறார், ஓதிக்கொடுக்கும் லெப்பை மற்றதை மட்டும் காண்கிறார்.

ஓதப்பள்ளியின் அமைப்பைச் சற்று ஊன்றிப் பார்ப்பது பயன் தரும். ஏனெனில் கல்வியியலாளர்கள் அண்மைக் காலத்தில் வலியுறுத்தும் ஒரு கொள்கை அங்கே பழைய வழக்காக வாழ்கிறது. ஒரே கூடத்தில் முப்பது பிள்ளைகள் அமர்ந்திருந்தாலும் அவர்களுக்குப் பொதுவான பாடம் என்று ஒன்று இருப்பதில்லை. ஒரு பிள்ளை அலிப், பே என்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் இருப்பது முப்பதாவது ஜுஸ்உவில், அதாவது குர்ஆனின் முப்பது பகுதிகளில் கடைசிப் பகுதியில், சிறு சூறாக்களை ஓதிக்கொண்டிருக்கும். இன்னொன்று குர்ஆனை ஓதி முடித்துக் கத்தம் செய்யும் நிலையை நெருங்கியிருக்கும். ஒவ்வொரு பிள்ளையும் தன் பாடத்தை லெப்பையிடம் தனியே ஓதிக் காட்டுகிறது. சரியாக ஓதினால் அடுத்த பாடம், தவறினால் அதே பாடம். ஒரு பகுதியைத் திருத்தமாகக் கற்ற பின்னரே அடுத்ததற்குப் போவது என்ற இம்முறையை இருபதாம் நூற்றாண்டில் பெஞ்சமின் புளூம் முதலிய அமெரிக்கக் கல்வி உளவியலாளர்கள் தேர்ச்சிக் கற்றல் என்ற பெயரில் கோட்பாடாக்கினார்கள். வயதுக்கேற்ற தரம், தரத்துக்கேற்ற பக்கம், பக்கத்துக்கேற்ற நாள் என்று நகரும் பாடசாலையில், தரம் 2இல் எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை தெரியாமலேயே தரம் 3க்கு ஏறிவிடுகிறது. ஓதப்பள்ளியில் அவ்வாறு ஏற முடியாது. ஆனால் அந்த அமைப்பின் குறையும் தெளிவானது: வேகம் பிள்ளைக்குப் பிள்ளை மாறினாலும் வழி எல்லோருக்கும் ஒன்றே, ஒலியைக் கேட்டுத் திருப்பிச் சொல்வது, மனனமாகும்வரை சொல்வது, அவ்வளவுதான். பொருள் கேட்கும் பிள்ளைக்கும் ஒலியில் மயங்கும் பிள்ளைக்கும் அங்கே வேறு வாசல் திறப்பதில்லை. பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் நிலைமை நேர்மாறானது. விளையாட்டு, பாட்டு, படம், செயலட்டை என்று வழிகள் பல, வேகமோ ஒன்றே. இரண்டும் தரத் தவறுவதைச் சேர்த்துத் தரக்கூடிய இடமாக வீடு எஞ்சுகிறது.

இந்தக் கரையோரம் கல்வி வரலாற்றில் முற்றிலும் அறியப்படாததன்று. தோப்பூருக்கு வடக்கே விரியும் கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்ட ஆங்கிலேயரான ரொபேர்ட் நொக்ஸ், கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறையிருந்து தப்பி, 1681இல் வெளியிட்ட நூலில், மக்கள் தரையில் மணலைப் பரப்பி, கையால் சமப்படுத்தி, விரலால் எழுதிப் பழகுவதைக் குறித்துவைத்தார். ஒரு நூற்றாண்டு கழித்துச் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பிலிருந்த அன்ட்ரூ பெல், மணலில் எழுதும் பிள்ளைகளைக் கண்டு அம்முறையைத் தம் விடுதியில் புகுத்தி, முன்னேறிய மாணவரைக் கொண்டு மற்றவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டையும் அமைத்து, 1797இல் அதைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளிகளில் அது சென்னை முறை என்ற பெயரிலேயே பரவியது. மணலின் சிறப்பு அதன் மலிவில் மட்டும் அடங்கவில்லை. தவறாக எழுதியதைக் கை ஒருமுறை தடவினால் அழித்துவிடலாம். சிவப்பு மையால் திருத்தப்பட்ட கொப்பியைப் போல் அது பிழையைச் சேர்த்துவைப்பதில்லை. கண்ணாலும் விரலாலும் ஒருங்கே அறியப்படும் எழுத்து, வாசிப்பில் தடுமாறும் பிள்ளைக்கு மட்டுமன்றி எல்லாப் பிள்ளைக்கும் நன்றாகப் பதிகிறது என்பது இன்றைய ஆரம்பக் கல்வியிலும் ஒப்புக்கொள்ளப்பட்ட செய்தி.

கற்பவர் பலவகையினர் என்ற எண்ணமும் தமிழுக்குப் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் மாணாக்கரை மூன்று படிகளில் நிறுத்துகிறது. அன்னத்தையும் பசுவையும் போன்றவர் தலையானவர். மண்ணையும் கிளியையும் போன்றவர் இடைப்பட்டவர். ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி ஆகியவற்றைப் போன்றவர் கடைப்பட்டவர். உரைகாரர்களின் விளக்கப்படி, ஒரு செடியில் வயிறார மேயாமல் செடிக்குச் செடி தாவிக் கடிப்பதால் ஆடு கடைநிலைக்குத் தள்ளப்படுகிறது. ஆனால் ஆறு வயதுப் பிள்ளையின் இயல்பு பெரும்பாலும் அந்த ஆட்டின் இயல்பே. எறும்பிலிருந்து இயந்திரத்துக்கும் இயந்திரத்திலிருந்து கதைக்கும் தாவாத பிள்ளை அந்த வயதில் அரிது. தாவலைக் குற்றமாகக் கொண்டு கடைநிலையில் வைத்த பாகுபாடு, பாடம் கேட்கும் வயதுவந்த மாணாக்கனை மனத்தில் கொண்டது. அதைச் சிறு பிள்ளைமேல் சுமத்துவது பொருந்தாது. அதே பாயிரம் ஆசிரியருக்குச் சொல்லும் விதியோ இன்றைக்கும் முழுமையாகப் பொருந்துகிறது: கற்பவன் எந்த வகையில் ஏற்பான் என்பதை அறிந்து, அவன் உள்ளம் கொள்ளுமாறு கொடுக்க வேண்டும் என்கிறது அது. மாணவனைத் தரம் பிரித்து முத்திரையிடும் போக்கும், மாணவனை அறிந்து தன்னை மாற்றிக்கொள்ளும் போக்கும் ஒரே நூலில் அருகருகே இருக்கின்றன. தமிழ்க் கல்வியுலகம் முதலாவதை விடாமல் பிடித்துக்கொண்டு இரண்டாவதைத் தளரவிட்டது வருத்தத்துக்குரியது.

முத்திரையிடும் அதே ஆசை நவீன காலத்தில் வேறு பெயரில் திரும்பி வந்திருக்கிறது. கற்றல் பாணி என்று வழங்கும் கோட்பாடு, சிலர் கண்ணால் கற்பவர், சிலர் காதால் கற்பவர், சிலர் வாசித்தும் எழுதியும் கற்பவர், சிலர் உடலசைவால் கற்பவர் என்று பிரிக்கிறது. நியூசிலாந்தைச் சேர்ந்த நீல் பிளெமிங் 1992இல் முன்வைத்த வினாக்கொத்து இந்த நான்கு பிரிவுகளை உலகெங்கும் பரப்பியது. ஆசிரியப் பயிற்சிகளிலும் பெற்றோருக்கான கருத்தரங்குகளிலும் இன்று இது ஐயத்துக்கு அப்பாற்பட்ட உண்மையாகவே சொல்லப்படுகிறது. ஆனால் 2004இல் பிரித்தானியாவில் பிராங்க் கொபீல்டும் சக ஆய்வாளர்களும் இத்தகைய 71 மாதிரிகளை அடையாளம் கண்டனர். ஒன்றுக்கொன்று இணங்காத அத்தனை வகைப்பாடுகள் இருப்பதே ஐயத்தை எழுப்பப் போதுமானது. 2008இல் ஹரல்ட் பாஷ்லரும் மற்றும் மூன்று உளவியலாளரும் வெளியிட்ட மதிப்பாய்வு இன்னும் நேரடியானது. ஒரு பாணியினருக்கு அவர்களுடைய பாணியில் கற்பித்தால் நன்மை விளைகிறது, மற்றப் பாணியினருக்கு அதே முறை அவ்வளவு உதவுவதில்லை என்று காட்டும் முறையான சோதனைகளை அவர்கள் தேடினார்கள். போதிய சான்று கிடைக்கவில்லை. 1983இல் பல்வகை நுண்ணறிவுக் கோட்பாட்டை முன்வைத்த ஹோவர்ட் கார்ட்னரும், தம் கோட்பாட்டைக் கற்றல் பாணியோடு குழப்ப வேண்டாம் என்று பின்னர் வெளிப்படையாக எழுதினார்.

இதைச் சொல்வதால் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றே என்று ஆகிவிடாது. பிள்ளைகள் வேறுபடுகிறார்கள், வேறுபடும் இடம்தான் வேறு. தாளத்தைக் காதால் கற்க வேண்டும், வரைபடத்தைக் கண்ணால் கற்க வேண்டும், நீந்துவதை உடலால் கற்க வேண்டும். வழியைப் பெரும்பாலும் பாடப்பொருளே தீர்மானிக்கிறது. பிள்ளைக்குப் பிள்ளை உண்மையாக மாறுவன, அது ஏற்கனவே அறிந்திருப்பவை, அதன் சொல்வளம், மனத்தில் ஒரே நேரத்தில் ஏந்தி வைத்திருக்கக்கூடிய அளவு, எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் ஏற்படும் சிக்கல்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அதன் ஆர்வம். காதால் கற்கும் பிள்ளை என்று ஒரு முத்திரை குத்தப்பட்டால், வாசிப்புப் பயிற்சி மிகத் தேவைப்படும் அதே பிள்ளையிடமிருந்து புத்தகம் அன்போடு அகற்றப்பட்டுவிடுகிறது. வீட்டுக் கல்வியில் நேரக்கூடிய மிக மோசமான பிழை இதுவே, அது பெரும்பாலும் பாசத்தாலேயே நேர்கிறது.

முன்னறிவின் வலிமையைக் காட்டும் ஆய்வு ஒன்று 1988இல் அமெரிக்காவில் டொனா ரெக்ட், லோரன் லெஸ்லி என்பவர்களால் நடத்தப்பட்டது. பேஸ்போல் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியை மாணவர்களிடம் கொடுத்தபோது, வாசிப்பில் பலவீனமானவர்களாகக் கருதப்பட்டும் அந்த ஆட்டத்தை நன்கறிந்திருந்தவர்கள், வாசிப்பில் சிறந்தும் ஆட்டத்தை அறியாதவர்களைவிட அதிகமாகப் புரிந்துகொண்டார்கள். பிரேசிலின் ரெசிபே நகரத் தெருக்களில் தேங்காயும் பழமும் விற்ற பிள்ளைகளை ஆராய்ந்து டெரெசினா கராஹெரும் அவருடைய சகாக்களும் 1985இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் கூர்மையானது: 9 முதல் 15 வயதுவரையான ஐந்து பிள்ளைகள் விற்பனையின்போது செய்த கணக்குகளில் 98 சதவீதம் சரி, அதே கணக்குகள் வெறும் எண்களாகத் தாளில் தரப்பட்டபோது 37 சதவீதம் மட்டுமே சரி. ஐந்தே பிள்ளைகள் என்பதால் பெரிய முடிவு எதையும் அதன்மேல் கட்ட முடியாது. ஆயினும் சந்தையில் வாப்பாவுக்குப் பக்கத்தில் நின்று மிச்சக் காசை நொடியில் சொல்லும் பிள்ளை, தரம் 4 கணிதத்தில் குறைந்த புள்ளி எடுப்பதைக் கண்டு வியக்கும் தாய்மாருக்கு அது தெளிவான விளக்கம் தருகிறது.

தோப்பூரின் வயல் அத்தகைய அறிவால் நிறைந்தது. ஓர் ஏக்கர் நான்கு ரூட், ஒரு ரூட் நாற்பது பேர்ச்சஸ். ஆகவே ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ். வாப்பாவின் அரை ஏக்கர் எண்பது என்பதும், அதில் பாதி நாற்பது என்பதும் வரம்பில் நடக்கும் பிள்ளைக்குப் பின்னமாகப் பாடம் வருவதற்கு முன்பே தெரிந்துவிடுகின்றன. புசல் கணக்கில் அளக்கப்படும் நெல்லைக் கிலோவாக மாற்றி விலை பேசும்போது, ஒரு புசலுக்கு ஏறத்தாழ 21 கிலோ என்ற பெருக்கல் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. பெரும்போகத்துக்கு ஐப்பசியில் விதைத்து மாசி, பங்குனியில் அறுப்பது, சிறுபோகத்துக்கு நீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்கப்படும் என்று காத்திருப்பது ஆகியவை நாட்காட்டியையும் மழையையும் ஆற்றையும் ஒரே பாடமாக்குகின்றன. கிழக்கில் முஸ்லிம் பெண்கள் பன்புல்லைச் சாயமேற்றி இழைக்கும் பாயில், எந்த இழையை எடுத்து எந்த இழையை விடுவது என்ற எண்ணிக்கை தவறினால் பூ உருக் குலைந்துவிடும். அது எழுதப்படாத கணிதம். தயிர்ச் சட்டியில் உறை சரியாக விழுவதற்குப் பால் எவ்வளவு ஆறியிருக்க வேண்டும் என்று மூத்தம்மா விரலால் அறிவது, நுண்ணுயிர்களைப் பற்றிய பாடத்தின் வாயில்.

ஒரே வளவிலுள்ள மூன்று பிள்ளைகளை எண்ணிப் பார்க்கலாம். ஒன்று ஓயாமல் கேள்வி கேட்பது. ஒன்று பேசாமல் கையால் எதையாவது பிரித்துக்கொண்டிருப்பது. ஒன்று கதை சொன்னால் மட்டும் அமர்வது. மூன்றுக்கும் பின்னம் கற்பிக்க மூன்று பாணிகள் தேவையில்லை. மூன்றையும் வரம்பில் நடத்தி அளக்கச் செய்யலாம், பின்னர் மூன்றையும் மணலிலோ தாளிலோ வரையச் செய்யலாம், கடைசியில் மூன்றையும் எண்களால் எழுதச் செய்யலாம். வேறுபடுத்த வேண்டியது ஒவ்வொன்றும் எந்த இடத்தில் நுழைகிறது, எந்த இடத்தில் நின்றுவிடுகிறது, எவ்வளவு நேரம் வேண்டுகிறது என்பதையே. கேள்வி கேட்பது முதலில் காரணத்தைக் கேட்கும். பிரித்துப் பார்ப்பது கயிற்றைக் கையில் எடுக்கும். கதை கேட்பது, காணியை மூன்று பேருக்குப் பங்கிட்ட கதையாகச் சொன்னால் வரும். நுழைந்த பின் எல்லோரும் எல்லா அறைகளுக்குள்ளும் போக வேண்டும்.

ஆர்வத்தைப் பற்றிச் சுசான் ஹிடி, ஆன் ரெனிங்கர் ஆகியோர் 2006இல் முன்வைத்த விளக்கம் இங்கே துணைசெய்கிறது. ஆர்வம் பிறவியிலேயே முழுதாக வருவதில்லை. புறத்தூண்டலால் முதலில் எழுகிறது, பின்னர் சூழலின் துணையால் தாக்குப்பிடிக்கிறது, அதன்பின் பிள்ளை தானாக அதைத் தேடத் தொடங்குகிறது, இறுதியில் நிலைத்த நாட்டமாகிறது என்று அவர்கள் நான்கு கட்டங்களைக் காட்டினார்கள். முதலிரு கட்டங்களில் பெரியவரின் கவனம் இல்லாவிட்டால் ஆர்வம் அணைந்துவிடும். பிள்ளைக்குப் பிடித்ததை மட்டும் படிக்கவிட வேண்டும் என்று சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பிடித்தம் என்பது யாரோ ஒருவர் முன்பு கொடுத்த அறிமுகத்தின் விளைவு. பிள்ளைக்கு நூலகத்தையும் நுணுக்குக்காட்டியையும் ஒருபோதும் காட்டாத ஊர், அவற்றில் பிள்ளைக்கு ஆர்வமில்லை என்று சொல்ல உரிமையற்றது.

இவ்வளவையும் வீட்டில் செய்வது யார் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு வீட்டுக் கல்வியைப் போற்றுவது நேர்மையாகாது. செய்வது பெண்கள். அறபு எழுத்தில் தமிழை எழுதும் அறபுத்தமிழ், தமிழ் முஸ்லிம் வீடுகளில் நெடுங்காலம் பெண்களின் வாசிப்பு எழுத்தாக விளங்கியது. பாடசாலைக்குப் போகாத மூத்தம்மாமார் அதன் வழியே மார்க்க நூல்களையும் மாலைப் பாடல்களையும் வாசித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 1882இல் முஸ்லிம் நேசன் பத்திரிகையைத் தொடங்கிய சித்திலெப்பை, பின்னர் கண்டியில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைத்தபோது, வீட்டுக்குள் இருந்த அந்தக் கல்வியைப் பொதுக் கல்வியோடு இணைக்கவே முயன்றார். இன்றைய நிலைமை வேறு. மூதூர்ப் பகுதியின் பல வீடுகளில் உம்மா மத்திய கிழக்கில் பணிப்பெண்ணாக இருக்கிறார். சிறு பிள்ளைகளுள்ள தாய்மார் வெளிநாடு செல்வதைக் கட்டுப்படுத்தக் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறையை அரசாங்கம் 2013இல் கொண்டுவந்தது. தாய் இல்லாத வீட்டில் மூத்தம்மாவும் சாச்சியுமே பிள்ளையின் பாடத்தைப் பார்க்கிறார்கள். 2020இல் பாடங்கள் வாட்ஸ்அப்பில் வந்தபோதும், ரூபவாஹினியின் நேத்ரா அலைவரிசையில் குருகெதர நிகழ்ச்சி தமிழில் ஒளிபரப்பானபோதும், ஒரே கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகளுக்கிடையே பங்கிட்டு, டேட்டா முடிவதற்குள் செயலட்டையைக் கொப்பியில் எழுதிக்கொடுத்த பெரும் உழைப்பு அவர்களுடையது. அந்த உழைப்புக்குக் கல்வி அமைச்சின் எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

வீட்டின் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளையின் செவியில் குறை இருப்பதையோ, எழுத்துகளை ஒலியோடு இணைக்க முடியாத டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு இருப்பதையோ வீடு சோம்பல் என்று எண்ணிவிடக்கூடும்; பயிற்சி பெற்ற ஆசிரியையின் கண்ணுக்கே அது படும். ஆய்வுகூடமும் விளையாட்டு மைதானமும் வளவுக்குள் அடங்காதவை. எல்லாவற்றுக்கும் மேலாக, மூன்று இனத்தவரும் அடுத்தடுத்து வாழ்ந்தும் மொழியாலும் மதத்தாலும் பாடசாலைகள் ஏற்கனவே பிரிந்து கிடக்கும் பிரதேசத்தில், பிள்ளையை வளவோடு நிறுத்திவிடுவது அந்தப் பிரிவை இன்னும் ஆழமாக்கும்.

வேண்டியிருப்பது வீட்டின் அறிவைப் பாடசாலை கேட்டுப் பெறுவது. அதற்கான கதவு அரசாங்கத்தின் ஏற்பாட்டிலேயே இருக்கிறது. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் தொடங்கி மறு ஆண்டு நாடெங்கும் விரிந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தரம் 1, 2 ஒரு கட்டம், தரம் 3, 4 ஒரு கட்டம், தரம் 5 ஒரு கட்டம் என்று வகுத்து, விளையாட்டும் செயற்பாடும் எழுத்துவேலையும் கட்டத்துக்குக் கட்டம் வெவ்வேறு அளவில் கலக்க வேண்டும் என்றது. தரம் 1க்கு வரும் பிள்ளையின் நுழைவுத் திறன்களை ஆரம்ப வாரங்களில் செயற்பாடுகள் மூலம் இனங்காண வேண்டும் என்றும் சொன்னது. நல்ல எண்ணம், ஆனால் அது ஆசிரியையின் அவதானிப்போடு நின்றுவிடுகிறது, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை நெருங்க நெருங்க மறக்கவும்படுகிறது. தரம் 4 முதலே ரியூசனும் மாதிரி வினாத்தாளும் வளவின் மாலைப் பொழுதை விழுங்கிவிடுகின்றன. மூத்தம்மாவின் தயிர்ச் சட்டிக்கும் வரம்பு அளவைக்கும் பிறகு நேரமில்லை.

மூதூர்க் கல்வி வலயத்தின் ஆரம்பப் பிரிவு ஆசிரியைகளும் அதிபர்களும், அந்த இனங்காணும் வாரங்களில் ஒரு நாளைப் பிள்ளையை வளர்ப்பவருக்கு ஒதுக்க வேண்டும். அவர் தாயாக இல்லாமல் மூத்தம்மாவாகவோ சாச்சியாகவோ இருந்தாலும் அவரையே அழைக்க வேண்டும். பிள்ளை எதைத் தானாகச் செய்கிறது, எதில் நெடுநேரம் அமர்கிறது, ஓதப்பள்ளியில் எந்தப் பாடத்தில் நிற்கிறது, எதைக் கண்டால் ஒதுங்குகிறது என்ற நான்கைக் கேட்டு, ஒரு பக்கத்தில் எழுதி, அந்தப் பக்கத்தைத் தரம் 5வரை ஆசிரியையிலிருந்து ஆசிரியைக்குக் கையளிக்க வேண்டும்; ஆண்டுக்கு ஒருமுறை வளர்ப்பவரை மீண்டும் கேட்டு அதைத் திருத்தவும் வேண்டும். இதற்குப் புதிய கட்டடமும் வேண்டியதில்லை, சுற்றறிக்கைக்குக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர்களிடம் கேட்கக்கூடியது ஒன்றே: கேட்கும் நாளில் போய்ச் சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் போய்ச் சொல்லுங்கள்.